முத்துப் பார்களை அளந்த ஜேம்ஸ் ஹார்னல்

முத்து என்றவுடன் நம் எல்லோர் நினைவிலும் கொற்கை வந்து நிற்கும். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர் பெற்றது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்து, தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டோம். ஆனால் அந்த முத்துச்சிப்பிகள் கடலுக்கடியில் எங்கே வாழ்கின்றன, ஓர் ஆண்டு கோடிக்கணக்கில் கிடந்துவிட்டு மறு ஆண்டு ஒன்றுகூட இல்லாமல் ஏன் மறைந்துபோகின்றன என்று நாம் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் வளரும் நமக்குக் கடலோடு உள்ள உறவெல்லாம் சந்தையில் கருவாட்டுக் கடையோடு முடிந்துவிடுகிறது. விடுதியில் நம்மோடு தங்கிப் படிக்கும் தூத்துக்குடித் தோழியர் சொன்னால்தான் உண்டு. அந்தக் கேள்வியையே தம் வேலையாக ஏற்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் நம் கடலில் அதற்கு விடை தேடியவர் ஜேம்ஸ் ஹார்னல்.

அவர் 1865ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே கடல்வாழ் உயிர்கள் மீது பேரார்வம் கொண்டு, பிரான்சு நாட்டுக் கரையை ஒட்டியுள்ள ஜெர்சித் தீவில் தம் மாமனார் ஜோசப் சினெல் என்பவருடன் சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையம் நடத்தினார். அங்கே மாணவர்களுக்காக நுண்பெருக்கிக் கண்ணாடித் தகடுகளைத் தயாரித்து விற்றார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் தகடுகளைப் போன்றவைதான். பெரிய செல்வமோ பதவியோ இல்லாத வாழ்க்கை. அதை மாற்றியது இலங்கையிலிருந்து வந்த ஓர் அழைப்பு.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு தொன்றுதொட்டு நடந்துவந்த தொழில். கடலடியில் மணல் பரப்பிற்கு நடுவே பாறையாகவோ இறுகிய கட்டியாகவோ உள்ள திட்டுகளை மீனவர் பார் என்பர். சிப்பிக் குஞ்சு முதலில் நீரில் மிதந்து திரியும். பிறகு ஏதேனும் கெட்டியான பொருளைப் பற்றிக்கொண்டால்தான் அது வளர முடியும். வெறும் மணலில் விழுந்தால் புதைந்து மடியும். ஆகவே சிப்பி வாழும் இடம் என்றால் அது பார்தான். அந்தப் பார்களுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களைக் கேட்டால் வியப்பாக இருக்கிறது. தொள்ளாயிரம் பார், வான்தீவு ஆறுபாகம் பார், பெரியமலை பிடித்த பார் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஆறுபாகம் என்பது ஆழம். ஒரு பாகம் ஆறு அடி. மலை பிடித்த என்றால், கரையில் தெரியும் மலையைக் குறியாகப் பிடித்து அந்த இடத்தைக் கண்டுகொள்வது. வெளியூர் சென்று பேருந்தில் திரும்பும்போது மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் திண்டுக்கல் வந்துவிட்டது என்று நாம் பையை எடுத்துக்கொள்கிறோமே, அதைப் போலத்தான். காகிதத்தில் வரைபடம் இல்லாத காலத்திலேயே அவர்களிடம் பெயர்களால் ஆன ஒரு வரைபடம் இருந்திருக்கிறது!

இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆண்டுதோறும் பார்களைச் சோதித்தும் பிடிக்கத்தக்க சிப்பி இல்லை. பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வருமானத்தை இழந்த ஆங்கிலேய அரசு, லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை வரவழைத்தது. அவர் தமக்கு உதவியாளராக ஹார்னலை அழைத்துக்கொண்டு 1902 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். பேராசிரியருக்குக் கல்லூரிப் பணி காத்திருந்ததால் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். ஹார்னல் தங்கிவிட்டார். காலியில் ஒரு சிறு ஆய்வுக்கூடமும், கடலில் கப்பலும், முக்குளிப்போரும் அவருக்குத் துணை.

கடலடியை எப்படி அளந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று ஒலியலை அனுப்பி ஆழம் காணலாம், செயற்கைக்கோள் கொண்டு இடம் குறிக்கலாம். அன்று கப்பலை ஓர் இடத்தில் நங்கூரமிட்டு அதை நடுப்புள்ளியாக்குவார்கள். படகுகள் அதிலிருந்து வரிசையாக விலகி நின்று, நாம் கவராயத்தால் வட்டம் போடுவதைப் போலக் கப்பலைச் சுற்றி வரும். ஒவ்வொரு படகிலிருந்தும் முக்குளிப்போர் அடிக்கடி இறங்குவார்கள். காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் பை. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் மூச்சு நிற்கும். அதற்குள் கீழே பாறையா மணலா, சிப்பி உண்டா இல்லையா, எத்தனை கைக்கு அகப்பட்டன என்று பார்த்து மேலே வந்து சொல்ல வேண்டும். அந்தச் சொற்களை எல்லாம் ஹார்னல் கணக்காக்கித் தாளில் குறித்தார். இழுவை வலை கொண்டும் அடியிலிருந்து மாதிரிகளை வாரி எடுத்தார். அறிவியல் நூலில் அவர் பெயர் இருக்கிறது. மூச்சைப் பிடித்து இறங்கியவர்களின் பெயர்கள் இல்லை. இதை எழுதும்போது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

அந்த முக்குளிப்போரில் பலர் நம் தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்த பரதவர்கள். கீழக்கரை முஸ்லிம்களும் உண்டு. பரதவ மக்கள் 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மறையைத் தழுவியதும், 1542இல் புனித சவேரியார் அவர்களிடம் வந்து பணி செய்ததும் நாம் அறிந்ததே. அவர்கள் வாழ்ந்த கரைக்கே முத்துக்குளித்துறை என்றுதான் பெயர். அப்படியிருந்தும், சுறாமீன் வாய் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி என்பவர் கரையில் வந்து அமர்ந்தால்தான் முக்குளிப்போர் தைரியமாக இறங்குவார்களாம். அவருக்கு ஊதியம் கொடுத்தது ஆங்கிலேய அரசு! பரீட்சை நாளில் நம்மில் சிலர் ராசியான பேனாவைத் தேடுவதை எண்ணிப் பார்த்தால் அவர்களைக் கேலி செய்யத் தோன்றாது.

ஹார்னல் கண்ட முதல் பெரிய உண்மை மனத்தை உலுக்குவதாக இருந்தது. பெரிய பார் என்னும் திட்டு ஆழ்கடல் ஓரத்தில் உள்ளது. 1902 மார்ச்சுத் திங்களில் அங்கும் அதன் அருகிலும் எண்ணிச் சொல்ல முடியாத அளவு இளஞ்சிப்பிகள் மொய்த்துக் கிடந்தன. பத்தாண்டு வறுமை தீர்ந்தது என்று எவரும் மகிழ்ந்திருப்பர். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் சென்று பார்த்தபோது அவை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அடியோடு வாரிச் சென்றிருந்தன. முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளைப் புரட்டியபோது அதே கதைதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பெரிய பாரில் சிப்பி பிறக்கும், ஆனால் வளராது. சேவல் பாரோ கரைப்பக்கமாக, ஆழம் குறைந்து, ஓரளவு காப்பாக இருந்தது. அங்கே பற்றிய சிப்பிகள் நான்கைந்து வயது வரை வளர்ந்து முத்தைத் தந்தன.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு எளியது. பிறந்த இடத்தில் சாகப்போகும் குஞ்சுகளை அள்ளி, வாழக்கூடிய இடத்தில் கொண்டுபோய் விடுவது. நாற்றங்காலில் முளைத்த நாற்றைப் பறித்து வயலில் நடுவதை நம் ஊர்ப்பக்கத்தில் தினமும் பார்க்கிறோம் அல்லவா? அதையே கடலில் செய்ய நினைத்தார்கள். மணல் மிகுந்த இடங்களில் கற்களையும் ஓடுகளையும் கொட்டிச் சிப்பி பற்றுவதற்குப் பிடி கொடுக்கலாம் என்பதும் அவர்கள் திட்டத்தில் இருந்தது. ஆனால் நாற்று நடுபவருக்கு எந்த வயல் நல்ல வயல் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பாரையும் அளந்தார். ஆழம் எவ்வளவு, அடியில் என்ன, நீரோட்டம் எத்திசை, பகை உயிர்கள் எவை என்று குறித்துக்கொண்டார். பகைவர் பட்டியல் நீளமானது. கிளாத்தி மீனும் திருக்கையும் ஓட்டை நொறுக்கித் தின்னும். நட்சத்திர மீன் தழுவிக் கொல்லும். சூரன் என்னும் சிறு மட்டி கூட்டம் கூட்டமாக நூல் பின்னிப் பாரையே போர்வைபோல் மூடிச் சிப்பியை மூச்சுத் திணற வைக்கும்.

முத்து எப்படி உண்டாகிறது என்பதிலும் அவர்கள் ஒரு கருத்தைச் சொன்னார்கள். நாடாப்புழு இனத்தின் சிறு குஞ்சு சிப்பிக்குள் புகுந்துவிட, அதைச் சுற்றி முத்து வளர்கிறது என்றார்கள். மணல் துகளால் முத்து உண்டாகிறது என்று இன்றும் பலர் சொல்கிறோம். சிப்பியின் மேலுறைத் தசையில் உள்ள செல்கள் உடலுக்குள் இடம் மாறி, ஒரு பைபோல் சூழ்ந்து, அடுக்கடுக்காக முத்துப் பொருளைச் சுரப்பதால்தான் முத்து வளர்கிறது என்பது பிற்கால ஆய்வு. புழுவும் அதற்குக் காரணமாகலாம், ஆனால் புழு மட்டுமே காரணம் அன்று.

1903 முதல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்தது மிகப் பெரியது. கடற்கரைக் காட்டில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முக்குளிப்போருக்கு. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றமும் ஈக்களும் நெடுந்தூரம் தொல்லை தருமாம். கழுத்தில் முத்துமாலை அணிந்த எந்தச் சீமாட்டிக்கும் அது தெரிந்திருக்காது.

இந்த வெற்றி ஒரு பேராசையை வளர்த்தது. இலண்டனில் ஒரு கம்பெனி உருவாகி, 1906இல் இலங்கைப் பார்கள் அனைத்தையும் 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டு வாடகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஹார்னலும் அதில் அறிவியல் பணியாளராகச் சேர்ந்தார். இளஞ்சிப்பிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. 1907 வரை முத்துக்குளிப்பும் நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. காரணம் ஒன்று மட்டும் அன்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சில ஆண்டுகளில் தாய்ச் சிப்பிகளைத் தொடர்ந்து பெருமளவில் எடுத்தால் குஞ்சு எங்கிருந்து வரும்? கம்பெனி வாடகை கட்ட முடியாமல் 1912இல் கலைக்கப்பட்டது. இலங்கையில் அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான் நடந்தது.

கம்பெனி மூழ்குவதற்கு முன்பே, 1908இல், ஹார்னல் சென்னை மாகாண அரசின் பணிக்கு வந்துவிட்டார். அங்கே சர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி அதற்கு முந்தைய ஆண்டுதான் மீன்வளத் துறையைத் தொடங்கியிருந்தார். கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. தூத்துக்குடிப் பார்கள் ஹார்னலுக்குப் புதியவை அல்ல. சென்னை அரசின் வேண்டுகோளின்படி அவற்றை முன்பே ஆராய்ந்து 1905இல் அறிக்கை தந்திருந்தார். இப்போது அவை அவருடைய பொறுப்பாயின.

அவர் முத்துச்சிப்பியோடு நின்றுவிடவில்லை. உணவுக்கான சிப்பியைப் பழவேற்காடு ஏரியில் வளர்த்துப் பார்த்தார். பிரான்சு நாட்டில் ஆர்க்கசான் என்னும் ஊரில் சிப்பி வளர்ப்பு பெரிய தொழில். அங்குள்ளவர்கள் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் அடுக்கி வைத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பற்றச் செய்வார்கள். அம்முறையிலிருந்து இந்தியா கற்க வேண்டியவை எவை என்று 1910இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்பே இலங்கையில் தம்பலகாமம் ஏரியின் தட்டையான கண்ணாடிச் சிப்பிகளையும், குஜராத்தில் பரோடா அரசுக்காக ஓகாமண்டலக் கடலையும் ஆராய்ந்திருந்தார். மலபார்க் கரையில் மத்தி மீனைப் பற்றி அவர் செய்த ஆய்வு அத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

எங்களை மிகவும் கவர்ந்தது சங்கைப் பற்றிய அவரது பணிதான். தூத்துக்குடியில் எடுக்கும் சங்கு வங்காளம் சென்று, அங்கே வளையலாக அறுக்கப்பட்டு, மணமான பெண்களின் கைகளில் ஏறுகிறது. இந்த வழக்கத்தின் வேரைத் தேடிச் சென்ற ஹார்னல் கொற்கையிலேயே மண்ணைக் கிளறினார். அறுத்து எறிந்த சங்குத் துண்டுகள் அங்கே கிடைத்தன. டாக்காவில் அவர் காலத்துத் தொழிலாளர் சங்கை அறுத்த விதத்திலேயே அவையும் அறுபட்டிருந்தன. ஆகவே பாண்டியர் துறைமுகத்தில் முத்து மட்டுமின்றி வளையல் தொழிலும் நடந்திருக்கிறது! 1914இல் வெளிவந்த அவரது சங்கு நூலில் இவை விரிவாக உள்ளன.

1918இல் அவர் மீன்வளத் துறையின் இயக்குநரானார். பதவி உயர்ந்தது. ஆனால் தூத்துக்குடிப் பார்கள் மனமிரங்கவில்லை. 1908க்குப் பின் அங்கே பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சோதனைக்குச் செல்வதும், சிப்பி இல்லை என்று எழுதுவதும், சில இடங்களில் குஞ்சு கண்டு நம்புவதும், அடுத்த முறை அதுவும் மறைந்திருப்பதுமாக ஆண்டுகள் சென்றன. இத்தனைக்கும் நடுவில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டின் முத்துப் பார்களைப் பற்றியும் தமக்குத் தெரிந்த அனைத்தையும் தொகுத்து 1922இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பரதவரின் வரலாறு, அவர்களுடைய சாதித் தலைவனுக்கு இருந்த உரிமைகள், பார்களின் பெயர்கள், பழைய கணக்குகள் எல்லாம் அதில் இடம் பெற்றன. சிப்பி வந்த ஆண்டுகளில் எழுதியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக இருந்திருக்கும். சிப்பி வராத ஆண்டுகளில் அமர்ந்து அவர் அதை எழுதினார் என்பதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

1924இல் ஓய்வு பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1926இல், தூத்துக்குடியில் சிப்பி வந்தது! 1927, 1928 ஆண்டுகளிலும் முத்துக்குளிப்பு நடந்தது. பதினெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்த கரை களை கட்டியது. காத்திருந்தவர்தான் அங்கே இல்லை.

அவர் அப்போது வேறு கடலில் மனத்தைச் செலுத்தியிருந்தார். ஓய்வு பெற்ற ஆண்டே பசிபிக் தீவுகளுக்குச் சென்ற ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறினார். நம் கரையில் கட்டுமரத்தையும், ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகையும், பக்கமரம் கட்டிய வள்ளத்தையும் கூர்ந்து பார்த்தவர் அவர். 1920இலேயே இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியிருந்தார். பசிபிக் தீவினரின் ஓடங்களைப் பற்றி ஹாடன் என்ற அறிஞருடன் சேர்ந்து எழுதிய மூன்று தொகுதிகள் 1936 முதல் 1938 வரை ஹொனலுலுவில் வெளிவந்தன. உலகப் படகுகள் அனைத்தையும் பற்றிய நூல் 1946இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 81. 1949இல் காலமானார். பல கடல்களின் மீன்பிடி முறைகளைப் பற்றிய அவரது கடைசி நூல் அவர் மறைந்த பிறகு, 1950இல், அச்சாயிற்று.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை மீண்டும் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. அதன்பின் இன்றுவரை அங்கே முத்துக்குளிப்பு இல்லை. நம் தாத்தா பாட்டி காலத்தோடு ஒரு தொழில் முடிந்துவிட்டது. முக்குளிப்போர் சங்கு எடுக்கச் சென்றனர், அல்லது வலைக்கு மாறினர். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமியும் அவர் குழுவினரும் 1973 ஜூலையில் தூத்துக்குடியில் முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இலேயே அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டியிருந்தார் என்றாலும், நம் கடலின் சிப்பியில் அது நடந்தது பெருமைதான். 1981இல் அதே நிலையத்தார் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்தனர். பிறகு அவற்றைப் பார்களில் கொண்டுபோய் விட்டும் பார்த்தனர். பெரிய பாரின் குஞ்சுகளை வைத்து ஹார்னல் எண்ணிய நாற்று நடவு இப்போது தொட்டியிலிருந்து தொடங்கியது.

ஐரோப்பாவில் வட கடலின் பழைய சிப்பிப் படுகைகள் அழிந்துபோய், அவற்றை மீட்க இப்போது பெருமுயற்சி நடக்கிறது. எங்கே விதைப்பது என்று முடிவு செய்ய அவர்கள் அடிமண்ணையும் நீரோட்டத்தையும் அளப்பதோடு, ஓல்சன் என்பவர் 1883இல் வெளியிட்ட மீன்பிடி வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் சிப்பிப் படுகைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நம் கடலில் 1970களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் காற்றுக் குப்பிகளை முதுகில் கட்டிக்கொண்டு பார்களில் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு நிமிட மூச்சுக்குப் பதில் அவர்களால் நெடுநேரம் அடியில் தங்க முடிந்தது. 1986இல் இப்பகுதியின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றாகிய வான்தீவு அலை அரிப்பால் சுருங்கிவந்ததால், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். வான்தீவு ஆறுபாகம் பார் என்று ஹார்னலின் படகுக்காரர்கள் சொன்ன அதே வான்தீவுதான் அது.